தெரிந்தவர்கள் பட்டியலில் செண்பகம்

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத ஒரு வளைவில் அந்தக் கம்பெனி இருக்கிறது. ஷூவின் அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் வெட்டித் தைத்து அனுப்புகிற கம்பெனி. முந்நூற்று எண்பது பேருக்கு வேலை, முக்கால்வாசிப் பேர் பெண்கள். காலை எட்டரைக்குள் பதினொரு வேன்கள் கேட்டுக்குள் நுழைந்துவிடும். எந்த வேன் தாமதம், அதில் யார் வரவில்லை, வராதவருக்கு நிஜமாகவே காய்ச்சலா அல்லது நாத்தனார் வீட்டு வளைகாப்பா என்பதெல்லாம் எட்டே முக்காலுக்குச் செண்பகத்துக்குத் தெரிந்திருக்கும்.

செண்பகத்துக்கு ஐம்பத்தொரு வயது. கேட்டை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை, டைம் ஆபீஸ், இருபத்தாறு வருடமாக அவருடைய இடம். வருகைப் பதிவு, இ.எஸ்.ஐ., பி.எஃப்., விபத்துக் காப்பீடு, விடுப்புச் சீட்டு எல்லாம் அங்கேதான். இரண்டு பீரோ, ஒரு கணினி, சுவரில் கைரேகை மெஷின், ஓரத்தில் ஜெராக்ஸ் மெஷின். பீரோவின் சாவி அவருடைய தாலிச் சரட்டில் தொங்குகிறது. சாவி தொலைந்தாலும் கவலையில்லை, பீரோவில் இருப்பதில் பாதி அவர் தலையிலேயே இருக்கிறது என்று தையல் ஹாலில் சொல்வார்கள்.

காப்பீட்டுப் படிவத்தில் நாமினி என்று ஒரு கட்டம் உண்டு. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதுகிற கட்டம். மற்றவர்களுக்கு அது ஒரு கட்டம். செண்பகத்துக்கு அது குடும்ப சரித்திரம். வேலைக்குச் சேரும்போது அம்மா பெயர் இருக்கும். கல்யாணம் ஆனதும் புருஷன் பெயர் வரும். சில பேர் மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து, "அக்கா, நாமினி மாத்தணும்" என்று தரையைப் பார்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் செண்பகம் படிவத்தை எடுக்கமாட்டார். முதலில் ஒரு டீ சொல்வார். டீ குடித்து முடித்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால்தான் பீரோவைத் திறப்பார். அப்படி நாற்பத்து மூன்று பேர் புருஷனிலிருந்து அம்மாவுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதில் பன்னிரண்டு பேர் மறுபடி புருஷனுக்கே போய்விட்டார்கள். யார் யார் என்று கேட்டால் அவர் சொல்லமாட்டார்.

அவர் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்களில் ஒன்று மட்டும் அவரே செய்த தப்பு.

தையல் ஹாலில் கைமாத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. காசு கைமாத்து இல்லை, ஆள் கைமாத்து. ஒரு பெண்ணுக்குப் பிரசவமோ, வீட்டில் சாவோ என்றால், அவள் அட்டையில் அவள் தங்கையோ ஓரகத்தியோ வந்து ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போவாள். இடம் காலியாகாது, மெஷின் நிற்காது. சூப்பர்வைசருக்கு டேபிளில் ஆள் இருந்தால் போதும். பதினோரு வருடத்துக்கு முன்பு கைரேகை மெஷின் வந்தபோதுதான் அந்த வழக்கத்துக்கு முடிவு வந்தது. முடிவு வந்த அந்த வாரத்தில்தான் செண்பகம் தப்புச் செய்தார். பள்ளிகொண்டாவைச் சேர்ந்த சுந்தரி என்ற பெண் தையல் பரீட்சையில் தேறி, ஆர்டர் வாங்கி, இ.எஸ்.ஐ. நம்பர் வரைக்கும் போட்டாகிவிட்டது. சேர வேண்டிய நாளில் ஐந்து மாதக் கர்ப்பம், இரட்டைப் பிள்ளை, படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக இருபது வயதுத் தங்கை அமிர்தவள்ளி வந்து நின்றார்.

"ஆறே மாசம்கா. அக்கா வந்துடும்."

வரிசையில் இன்னும் முப்பது பேர் கைரேகை வைக்கக் காத்திருந்தார்கள். செண்பகம் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துச் சுந்தரியின் பெயரில் அழுத்தினார்.

ஆறு மாதம் பதினோரு வருடம் ஆனது. இரட்டைப் பிள்ளைகளோடு சுந்தரி திரும்பவில்லை. அமிர்தவள்ளி ஆறாவது டேபிளின் சிறந்த தையல்காரர் ஆனார். ஹாலில் எல்லோரும் அவரைச் சுந்தரி என்றே கூப்பிட்டார்கள். சிறந்த தொழிலாளி சான்றிதழ் மூன்று முறை கிடைத்தது, மூன்றும் பள்ளிகொண்டாவில் அக்காள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. பதினோரு வருடத்தில் அந்தக் கம்பெனிக்குள் அவரை அமிர்தவள்ளி என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் டைம் ஆபீஸ் கதவைச் சாத்திய பிறகு.

அமிர்தவள்ளிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் இலவசம். ஆனால் அட்டையில் இருப்பது அக்காவின் பெயர், அங்கே பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் குழந்தைக்கு அம்மா சுந்தரி ஆகிவிடுவார். அதனால் குடியாத்தத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த இரண்டு மாதம் டேபிள் காலியாக இருக்கக்கூடாது என்று நிஜச் சுந்தரியே வேலைக்கு வந்தார். கேட்டில் கட்டைவிரலை வைத்தார். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டது. இன்னொரு முறை வைத்தார். மறுபடி சிவப்பு. சுந்தரி தன் சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "இன்னாக்கா இது, நான் சுந்தரி இல்லியாம்" என்றார். சுந்தரி இல்லை என்பதற்காகச் சுந்தரியை வீட்டுக்கு அனுப்பிய நாளைச் செண்பகம் பல முறை நினைத்துச் சிரித்திருக்கிறார். புதுக் கணக்கு தொடங்குகிற ஒவ்வொரு ஏப்ரலிலும் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைப்பார். ஒவ்வொரு ஏப்ரலிலும் அது இன்னும் ஒரு வருடம் பெரிதாகியிருக்கும்.

போன வருடம் முதலாளி முக்தார் அகமது கம்பெனியை விற்க முடிவு செய்தார். அறுபத்தெட்டு வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட், மகள்கள் இருவரும் வெளிநாட்டில். சென்னையிலிருந்து ஒரு பெரிய காலணிக் குழுமம் மொத்தமாக வாங்கிக்கொள்ள வந்தது. ஆட்கள் அப்படியே இருப்பார்கள், பெயர்ப் பலகை மட்டும் மாறும் என்று பேச்சு. அதோடு ஒரு காப்பீடும் வந்தது. ஃபைல் கொண்டுபோய்க் கொடுத்த செண்பகத்திடம் முதலாளி அதை ரொம்ப உற்சாகமாக விளக்கினார்.

"பொய்கை சந்தையில மாடு வாங்குறோம்னு வெச்சிக்கோ, செண்பகம்மா. துண்டுக்குள்ள விரலப் புடிச்சி வெல பேசறோம். விக்கிறவன் இன்னா சொல்வான்? வேளைக்கு அஞ்சு லிட்டர் கறக்கும், ஒதைக்காது. வூட்டுக்கு ஓட்டினு போனா ரெண்டு லிட்டருதான், ஒதை மட்டும் ஜாஸ்தி. வாங்கினவன் திரும்பி வந்து விக்கிறவன் வாசல்ல நிப்பான். ரெண்டு பேருக்கும் பேஜாரு."

"ஆமாம் சாப்."

"இப்ப அதுக்கு ஒரு இன்சூரன்ஸ் வந்துகீது. கம்பெனியப் பத்தி நான் நூறு விஷயம் எழுதிக் குடுக்கிறேன். கேஸ் இல்ல, பாக்கி இல்ல, லேபர் ரெக்கார்ட் எல்லாம் சரின்னு. அதுல ஏதாச்சும் பின்னாடி தப்பாப் போச்சின்னா, நஷ்டத்த இன்சூரன்ஸ்காரன் வாங்கினவருக்குக் குடுத்துடுவான். என் வாசலுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. இது இல்லன்னா வெலயில ஒரு பங்க மூணு வருஷம் பேங்க்ல புடிச்சி வெச்சிக்குவாங்க. அந்த மூணு வருஷமும் நான் போன் எடுத்துனே இருக்கணும்."

முக்தார் அகமதுவுக்குக் காசு மூன்று வருடம் நிற்பதைவிட, போன் மூன்று வருடம் அடிப்பதுதான் பெரிய கவலை. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து நிம்மதியாக ஒரு நாள் கூடத் தூங்கியதில்லை என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது புதிய கம்பெனியிலிருந்து ஒரு செய்தி தையல் ஹாலுக்கு வந்தது. கைமாறிய முதல் மாதமே எல்லோருடைய முகத்தையும் படம் பிடித்து ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தவள்ளி டைம் ஆபீஸுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மூஞ்சி பாக்கப் போறாங்களாமேக்கா."

"ஆமா."

"கட்டைவிரல்னா நான் சுந்தரி. மூஞ்சின்னா?"

பதில் இருவருக்கும் தெரியும். ஆள்மாறாட்டம் என்று எழுதுவார்கள். அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள்.

"நானே நின்னுடறேன்கா. அப்பறமா அமிர்தவள்ளின்னு புதுசா வந்து சேர்றேன்."

"புதுசா ஆள் எடுக்கமாட்டாங்கடி. ரெண்டு வருஷத்துக்கு. ஒப்பந்தத்துலயே போட்டிருக்கான். எடுத்தாலும் ஹெல்பர்தான். பதினோரு வருஷம் எங்க போவும்?"

"எங்க அக்காவுக்குப் போவும்" என்றார் அமிர்தவள்ளி. சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னார். இருவருக்குமே வரவில்லை.

அந்த வாரம் முதலாளியின் வக்கீல் தமிழ்வேந்தன் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயது, வேலூர்க்காரர், எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாத ஆள். தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. முதலாளி முக்தார் அகமது, அவருடைய அண்ணன் மகனும் ஜெனரல் மேனேஜருமான முஸம்மில், கணக்கு மேனேஜர், உற்பத்தி மேனேஜர். மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் செண்பகம் மெதுவாகப் படித்தார். கம்பெனிக்குத் தெரிந்தது என்றால் இந்த நான்கு பேருக்குத் தெரிந்தது என்று பொருள்.

"இது இன்னா சார் லிஸ்ட்டு?"

"கம்பெனிக்குன்னு தனியா மூளை கிடையாதேம்மா. 'எங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் இப்படி ஒரு பிரச்சினை இல்ல'ன்னு முதலாளி எழுதித் தர்றார். யாருக்குத் தெரிஞ்சவரைக்கும்? அதுக்குத்தான் பேர் போடறது. இந்த நாலு பேருக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியலன்னா கம்பெனிக்குத் தெரியாது."

செண்பகம் தாளைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"என் பேரு இல்லியே."

தமிழ்வேந்தன் சங்கடப்பட்டார். பொய் சொல்லவும் அவருக்கு வரவில்லை. "பட்டியல் சின்னதா இருக்கறது விக்கிறவருக்கு நல்லதும்மா. உங்களுக்கு... ரொம்பத் தெரியும்."

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷன் பஞ்சாட்சரத்திடம் இதைச் சொன்னார். பஞ்சாட்சரம் ஆம்பூர் பஜாரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவர். ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சி. பேர் இல்லன்னா பொறுப்பு இல்ல. வாயமூடினு இரு."

"இருபத்தாறு வருஷமா வேன் டிரைவர்லருந்து முதலாளி வரைக்கும் 'செண்பகத்தக் கேளு, செண்பகத்தக் கேளு'ன்னாங்க. இப்ப பேப்பர்ல எனக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

"அப்ப கோவமா, பயமா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும்தான்" என்றார் செண்பகம்.

மறுநாள் தமிழ்வேந்தன் ஃபைல் வாங்க வந்தபோது அவருக்கும் டீ வந்தது. செண்பகம் டீ சொன்னால் அடுத்து என்ன வரும் என்று அந்தப் பாவப்பட்ட மனிதருக்குத் தெரியாது.

"சார், ஒரு தப்பு இருக்குதுன்னு வைங்க. எழுதிக் குடுத்துட்டா அந்த இன்சூரன்ஸு இன்னா பண்ணும்?"

"எழுதிக் குடுத்ததுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தெரிஞ்சேதான வாங்குறாங்க."

"தெரிஞ்சும் எழுதிக் குடுக்கலன்னா?"

"அது மோசடி. எழுதிக் குடுத்தவர் கழுத்துக்கு வரும்."

"யாருக்குமே தெரியலன்னா?"

"அதுக்குத்தாம்மா இன்சூரன்ஸ்."

"வாங்கறவங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குது. விக்கிறவருக்கு நிம்மதி இருக்குது. மெஷின் முன்னாடி ஒக்காந்துனுக்கிறவளுக்கு அதுல இன்னா இருக்குது சார்?"

தமிழ்வேந்தன் நேர்மையான ஆள். "ஒண்ணும் இல்லம்மா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா எழுதிக் குடுத்த தப்பைக் கைமாறறதுக்கு முன்னாடி சரி பண்ணித் தரணும்னு வாங்கறவங்க கேப்பாங்க. சரி பண்ணிட்டா அது எல்லாருக்குமே முடிஞ்சுபோன விஷயம்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தைச் செண்பகம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அமிர்தவள்ளியைக் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாமினி விஷயம் மாதிரிதான், பெயர் அவளுடையது. சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும் என்று எடுத்துச் சொன்னார். ஒன்று, சரிசெய்து கொடுப்பார்கள். இல்லையென்றால் முகம் பார்க்கிற நாள் வரை கூடக் காத்திருக்காமல் அடுத்த நாளே அனுப்புவார்கள். அமிர்தவள்ளி இரண்டு நாள் டைம் ஆபீஸ் பக்கமே வரவில்லை. மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை காலை, கைரேகை வைக்கிற வரிசையிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"சொல்லிடுக்கா. பதினோரு வருஷம் எங்க அக்கா நல்லாத் தெச்சிடுச்சி. இனிமே நான் தெச்சிக்கிறேன்."

செண்பகம் தேர்ந்தெடுத்த நேரம் அதைவிட மோசமாக இருந்திருக்க முடியாது. அதற்கு முந்தின நாள்தான் காப்பீட்டுக் கம்பெனியின் சென்னை அதிகாரி ஷர்மிளா வீடியோ அழைப்பில் முஸம்மிலைக் கேள்வி கேட்டிருந்தார். இயந்திரம், ஏற்றுமதி, வரி எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தொழிலாளர் பதிவேடுகள் பக்கம் வந்ததும் முஸம்மில் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார். ஒன்பது கேள்விகளுக்கு ஒன்பது முறை "பார்த்துச் சொல்கிறோம்". ஷர்மிளா முடிவெடுத்துவிட்டார். யாருக்கும் தெரியாததற்குத்தான் காப்பீடு என்றாலும், யாருமே பார்க்காததற்குக் காப்பீடு கிடையாதாம். தொழிலாளர் விஷயம் முழுவதும் பாலிசிக்கு வெளியே. உடனே வாங்குபவர்கள், அப்படியானால் விலையில் ஒரு பங்கை மூன்று வருடம் பிடித்து வைப்போம் என்றார்கள். முதலாளியின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து, தொப்பியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு முக்தார் அகமது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். செண்பகம் உள்ளே போய் நின்றார்.

"சாப், அந்த லிஸ்ட்ல என் பேரப் போடுங்க."

முதலாளி கண்ணைத் திறந்தார். "இன்னாத்துக்கு?"

"எனக்கு ஒண்ணு தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னார். கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியது தன் கை என்பதையும் சொன்னார். முதலாளி எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தையல் ஹாலைப் பார்த்தார்.

"ஆறாவது டேபிளா? சிவப்பு ரிப்பன் கட்டினுக்கிற பொண்ணா?"

"ஆமாம் சாப்."

"மூணு தடவ என் கையால பிரைஸ் குடுத்தேனே. யாருக்குக் குடுத்தேன்?"

"அந்தப் பொண்ணுக்குத்தான் சாப் குடுத்தீங்க. பேருதான் வேற."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே சாப்."

அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. டாக்டர் கோபப்படக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது போலும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "நேத்துதான் லேபர் பூராத்தையும் வெளிய தள்ளிட்டான். இன்னிக்கு நீ வந்து இத சொல்றே. இத்தோட வாங்கறவன் எழுந்து போய்ட்டா, முந்நூத்தி எம்பது குடும்பம் இன்னா ஆவும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் சாப். மூணு நாளா அதான் யோசிச்சேன். ஆனா அதுல முந்நூத்தி எழுவத்தொம்போது பேருக்குப் பேரு இருக்குது."

முக்தார் அகமது மடித்து வைத்த தொப்பியை எடுத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தமிழ்வேந்தனுக்குப் போன் செய்தார். மறுமுனையில் வக்கீல் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. முதலாளி சொன்னது வெளியே காத்திருந்த டிரைவர் வரைக்கும் கேட்டது. "ஏம்பா, நாப்பது வருஷமா இவங்கள மாதிரி ஆளுங்கள வெச்சித்தான் கம்பெனி நடத்தினேன். விக்கிறப்ப மட்டும் இவங்களத் தெரியாதுன்னு எழுதறதா? போடு பேர!"

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு. செண்பகம் மாம்பழ நிறச் சேலையில், முதலாளியின் அறையில், கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முஸம்மிலின் தோளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பஞ்சாட்சரம் காலையில் சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம் வைத்து அனுப்ப முயன்றதும், சேலையில் சட்டைப்பை இல்லை என்று அவர் சண்டை போட்டதும் வேறு கதை.

ஷர்மிளா ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது கேள்வியிலேயே தமிழுக்கு வந்துவிட்டார். "இ.எஸ்.ஐ.லயும் ஆதார்லயும் பேர் வேற வேறயா இருக்கறவங்க எத்தனை பேரும்மா?"

"பதினேழு பேரு மேடம். இனிஷியல் முன்னாடி பின்னாடி. பதினாலு திருத்தியாச்சி. மூணு மனு போட்டு நிக்கிது, ரெண்டு கலவை ஊர்ப் பொண்ணுங்க, ஒண்ணு கட்டிங் செக்‌ஷன் வேலு."

"அஞ்சு வருஷத்துல விபத்து?"

"ரெண்டு. ஊசி ஒடஞ்சி விரல்ல ஏறினது ஒண்ணு, மாடிப்படி வழுக்கினது ஒண்ணு. ரெண்டும் ரிப்போர்ட் பண்ணிட்டோம். நம்பர் சொல்லட்டுமா?"

சொன்னார். முஸம்மில் தன் கோப்பில் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். ஒன்பது கேள்விகளுக்கும் பதில் வந்தது, பீரோ திறக்கப்படவில்லை. வேன் டிரைவர்கள் யாருடைய ஆட்கள், வயதுச் சான்று எப்படிப் பார்க்கிறார்கள், ஓவர்டைம் பதிவு எங்கே என்று எல்லாவற்றுக்கும். திரையில் ஷர்மிளா எழுதுவதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது எங்ககிட்ட சொல்லணுமா?"

அறையில் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். செண்பகம் சொன்னார். கைமாத்து, இரட்டைப் பிள்ளை, கட்டைவிரல், பதினோரு வருடம். நிஜச் சுந்தரியை மெஷின் திருப்பி அனுப்பிய இடம் வந்தபோது ஷர்மிளா சட்டென்று தன் மைக்கை அணைத்தார். திரையில் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மைக் மறுபடி திறந்தபோது குரல் அதிகாரியின் குரலாகிவிட்டது.

"இது மாதிரி ஒருத்தர்தானா? உறுதியா?"

"மெஷின் வர்றதுக்கு முன்னாடி முப்பத்தோரு பேர் மேடம். எல்லாம் ஒரு மாசம், ரெண்டு மாசம், அந்தந்தப் பொண்ணே திரும்பி வந்துடுச்சி. திரும்பி வராதது இது ஒண்ணுதான். இத விட்டது நான்."

ஷர்மிளா தமிழ்வேந்தனைப் பார்த்துக் கேட்டார். "சார், இவங்க பேர் ஏன் முதல்லயே பட்டியல்ல இல்ல?"

தமிழ்வேந்தன் கோப்பைத் திறந்து எதையோ தீவிரமாகத் தேடினார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. தொழிலாளர் விஷயம் பாலிசிக்குள் திரும்பி வந்துவிட்டது. ஒரே ஒரு வரி மட்டும் வெளியே. ஆறாவது டேபிளில் இருக்கும் ஒரு தொழிலாளியின் பெயர் சம்பந்தப்பட்ட எந்த இழப்புக்கும் காப்பீடு இல்லை. வாங்குபவர்கள் விலையைப் பிடித்து வைக்கிற பேச்சை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு இரண்டு கேட்டார்கள். கைமாறுவதற்குள் பெயரைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பெயரால் பின்னால் அபராதமோ வழக்கோ வந்தால் முக்தார் அகமதுவே ஏற்றுக்கொள்வதாக எழுதித் தரவேண்டும். அப்படிச் செய்தால் பதினோரு வருட சர்வீஸைப் புதிய கம்பெனி தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும்.

முதலாளி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே சொன்னார். "அவ்ளோ பெரிய கம்பெனிக்கு இன்சூரன்ஸ் அவங்க. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இன்சூரன்ஸ் நானு. பிரீமியம் யார் குடுப்பாங்க, செண்பகம்மா?"

"ரம்ஜானுக்கு நீங்கதான சாப் எல்லாருக்கும் பிரியாணி குடுப்பீங்க. இந்த வருஷம் நாங்க குடுக்கறோம்."

"உங்க கை பிரியாணியா? வாணாம்மா, எனக்கு ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட்டு."

செண்பகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. தவறான ஆளின் கைரேகையைப் பதிந்ததற்காக. அது வரும் என்று அவருக்குத் தெரியும், சொல்லப்போனால் வராவிட்டால்தான் வருத்தப்பட்டிருப்பார். இருபத்தாறு வருடத்தில் முதல் கடிதம். அதைப் படித்து, தேதியில் இருந்த ஒரு பிழையைத் திருத்தித் தரச்சொல்லி முஸம்மிலிடம் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததும் பீரோவைத் திறந்து, தன் சொந்த ஃபைலில், துளை போட்டுக் கோத்து வைத்தார்.

பிரமாணப் பத்திரம், பி.எஃப். கூட்டு மனு, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு நான்கு நடை என்று ஆறு வாரம் போனது. இ.எஸ்.ஐ.யில் பழைய வருடங்கள் இன்னும் சரியாகவில்லை. கடிதம் போட்டுக் காத்திருக்கிறார்கள். கம்பெனிப் பதிவேட்டை மாற்றுகிற நாள் மட்டும் வந்துவிட்டது. பள்ளிகொண்டாவிலிருந்து நிஜச் சுந்தரியும் கையெழுத்துப் போட வந்திருந்தார், பத்து வயது இரட்டையர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு.

அமிர்தவள்ளி கட்டைவிரலைப் புதிய பெயரில் வைத்தார். மெஷின் சிவப்பைக் காட்டியது. இந்த விரல் ஏற்கெனவே இருக்கிறது.

"பழசை அழிச்சாத்தான் புதுசு ஏறும்" என்றார் செண்பகம். கணினியில் சுந்தரியின் பெயரைத் திறந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகளும் சாயங்காலங்களும் அதன் கீழே வரிசையாக இருந்தன. அவற்றைத் தனியாகப் பத்திரப்படுத்தியாயிற்று. அழிக்கவா என்று திரை கேட்டது.

"ஒரு நிமிஷம்கா" என்றார் அமிர்தவள்ளி.

"அட அழிச்சி வுடுக்கா" என்றார் சுந்தரி பின்னாலிருந்து. "ரெண்டு புள்ளைங்கள வெச்சினு எனக்கு ஷூ தெக்கெல்லாம் நேரமில்ல. இவளப் பாரு, என் பேர வெச்சி மூணு பிரைஸ் வாங்கிட்டு, இப்ப வுட மனசு வரமாட்டேங்குது."

"அந்த மூணு சர்டிபிகேட்டையும் குடுத்துடு."

"தர மாட்டேன் போ. என் பேருதான் போட்டுக்குது."

செண்பகம் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது முறை விரல் வைத்ததும் பச்சை வந்தது. சின்னத் திரையில் அமிர்தவள்ளி என்ற பெயர் மூன்று விநாடி நின்று மறைந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவர் ஹாலுக்குக் கிளம்பினார்.

"எங்க போறே? ஒக்காரு" என்றார் செண்பகம். பீரோவைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். சுந்தரியின் படிவத்தில் பதினோரு வருடமாக நாமினி சுந்தரியின் புருஷன்தான். அமிர்தவள்ளியைப் பற்றி எல்லாம் தெரிந்த செண்பகம் அவரிடம் ஒரு முறைகூடக் கேட்காத ஒரே கேள்வி இதுதான். வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் மூன்று டீ சொன்னார்.

"நாமினி யாரு?"

அமிர்தவள்ளி டீ வருவதற்குள் சொல்லிவிட்டார். "பூங்குழலி. எம்பொண்ணு."

செண்பகம் பேனாவை எடுத்து, உறவுமுறை என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினார்.